பண்டாரநாயக்க கொலை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

1959-ல் இலங்கைப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்ட கதையில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரியும். கலியாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரம் பார்த்து யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அது சரி, உண்மையில யார் செய்வித்தது?" என்று தொடங்குவார்கள். செத்த வீட்டிலும் இதே கதைதான். வருடக்கணக்காக அதே பத்துப் பதினைந்து கேள்விகள், அதே ஒழுங்கில். வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எந்தப் பண்டாரநாயக்க? சந்திரிகாவின் அப்பாவா, அம்மாவா?

அப்பா. அம்மா ஸ்ரீமாவோ, கணவர் செத்து ஒரு வருடம் முடியுமுன்பே, 1960 ஜூலையில், உலகின் முதல் பெண் பிரதமரானவர். அப்பா சுடப்பட்டபோது, பின்னாளில் ஜனாதிபதியான சந்திரிகாவுக்குப் பதினான்கு வயது.

பண்டாரநாயக்க ஹொரகொல்லை வளவுக்காரர். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம், ஆங்கிலேயருக்கு நெருக்கமான குடும்பம், ஒக்ஸ்போர்ட் படிப்பு. ஊருக்குத் திரும்பி அரசியலுக்கு வந்த பிறகு பௌத்தராகி, தேசிய உடைக்கு மாறி, 1951-ல் சுதந்திரக் கட்சியைத் தொடங்கி, 1956-ல் மகாஜன எக்சத் பெரமுன என்ற கூட்டணியோடு ஆட்சியைப் பிடித்தார். தமிழருக்கு அவர், சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய 'தனிச் சிங்களச் சட்டம்' கொண்டுவந்த ஆள். சிங்களக் கிராமத்து மக்களுக்கு, தங்களையும் ஆளாக மதித்த முதல் தலைவர். இரண்டுமே உண்மை, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் மேலே படிக்க முடியும்.

அன்று காலை நடந்தது என்ன? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

1959 செப்டெம்பர் 25, வெள்ளிக்கிழமை. இடம் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் இருந்த அவருடைய சொந்த வீடு. காலையில் யார் வேண்டுமானாலும் வந்து விறாந்தையில் காத்திருந்து பிரதமரைப் பார்க்கலாம், அது அவருடைய வழக்கம். மனுக்களோடு வந்தவர்கள், ஆசிரியர்கள், இரண்டு பிக்குகள் என்று அன்றும் கூட்டம் இருந்தது. அமெரிக்கத் தூதுவர் பெர்னார்ட் குஃப்லரும் அன்று காலை வந்து போயிருந்தார், பிரதமர் ஐ.நா. பொதுச்சபைக்கு நியூயோர்க் புறப்படவிருந்ததால் வழியனுப்பும் சந்திப்பு. இதைக் குறித்து வையுங்கள், பிறகு வேறொரு கேள்வியில் வரும்.

பிக்குகளில் ஒருவர் தல்துவே சோமாராம. சுதேச வைத்தியக் கல்லூரியில் விரிவுரையாளர், கண் வைத்தியர். கல்லூரியின் குறைகளைச் சொன்னார், பிரதமர் அமைச்சரிடம் பேசுவதாகச் சொன்னார், பிறகு பிக்குவை வணங்கக் குனிந்தார். அந்த நேரத்தில்தான் காவித் துணிக்குள்ளிருந்து ரிவோல்வர் வெளியே வந்தது. காயப்பட்டவர் வீட்டுக்குள் தள்ளாடி ஓட, சோமாராம பின்னாலேயே போய் மேலும் சுட்டார். அங்கே நின்ற ஓர் ஆசிரியருக்கும் குண்டு பட்டது. காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் ஓடி வந்து சோமாராமவைச் சுட்டுக் காயப்படுத்த, சோமாராம அங்கேயே பிடிபட்டார்.

பெரியாஸ்பத்திரியில் மணிக்கணக்காகச் சத்திரசிகிச்சை நடந்தது. மறுநாள் 26-ஆம் திகதி காலை பிரதமர் இறந்துபோனார்.

அவ்வளவு பெரிய ஆளுக்குப் பாதுகாப்பே இல்லையா?

பெயருக்கு இருந்தது. அந்தக் காலத்து இலங்கையில் பிரதமர் சுடப்படுவார் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை, இலங்கையில் அதற்கு முன் அப்படி நடந்ததும் இல்லை. இன்றைக்கு ஒரு பிரதேச சபை உறுப்பினருக்கு இருக்கிற ஆள் அம்பு அன்று பிரதமருக்கு இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம். பாதுகாப்பு இருந்திருந்தாலும் ஒரு பிக்குவின் மேலாடையை யார் தடவிப் பார்த்திருப்பார்கள்? பிரதமரே குனிந்து கும்பிடுகிற ஆளை வாசலில் நிற்கும் கான்ஸ்டபிள் சோதிப்பாரா? ஆளைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சுட்டது உண்மையான பிக்குவா, காவி உடுத்திக்கொண்டு வந்த யாரோவா?

உண்மையான பிக்கு. இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் பண்டாரநாயக்கவே. ஆஸ்பத்திரியிலிருந்து நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி சொன்னார்: பிக்குவின் உடை தரித்த ஒரு முட்டாள் மனிதன் இன்று காலை என்னைச் சுட்டான், அவன்மேல் இரக்கம் காட்டுங்கள், பழிவாங்க வேண்டாம். 'பிக்கு' என்று சொல்லாமல் 'பிக்குவின் உடை தரித்த மனிதன்' என்றார். பிக்குகளையே தூணாக வைத்து ஆட்சிக்கு வந்தவர் சங்கத்தின் பெயரைக் கெடுக்காமல் இருக்க அப்படிச் சொன்னார் என்றுதான் நான் வாசிக்கிறேன். வயிற்றில் குண்டோடு இருந்தபோதும் வார்த்தையை அளந்திருக்கிறார், அரசியல்வாதி என்றால் அதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு 'அப்போ அது பிக்குவே இல்லை' என்று ஒரு கதை அறுபது வருடத்துக்கு மேலாக ஓடுகிறது. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், பலருக்குக் கண் வைத்தியம் பார்த்தவர், ஊர் அறிந்த ஆள். வேஷம் ஒன்றும் இல்லை.

தமிழருக்கு ஏதோ கொடுக்கப் போனார், அதனால்தானே சிங்கள பிக்கு சுட்டார்?

நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானது 1957 ஜூலை 26. பிராந்திய சபைகள், தமிழுக்குச் சில நிர்வாக உரிமைகள் என்று அதில் இருந்தது. 1958 ஏப்ரல் 9-ஆம் திகதி சுமார் இருநூறு பிக்குகள் அதே ரோஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் குந்திக்கொண்டு, ஒப்பந்தத்தைக் கைவிட்டேன் என்று எழுதித் தந்தால்தான் எழும்புவோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தம் செத்தது அன்றுதான். அடுத்த மாதமே தமிழருக்கு எதிரான 58 கலவரம்.

ஆக, கொலை நடந்த நேரத்தில் ஒப்பந்தம் இறந்து பதினேழு மாதம் ஆகியிருந்தது. சிங்களக் கடும்போக்காளர்களுக்கு அந்தக் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை, கேட்டதெல்லாம் வாங்கிவிட்டார்கள். சோமாராம நாடு, மதம், இனம் என்று ஏதோ சொன்னது உண்மை, அதனால்தான் இந்த விளக்கம் எடுபடுகிறது. ஆனால் அவரை அனுப்பியதாக நீதிமன்றம் கண்டவர்களின், முக்கியமாகப் புத்தரக்கித்த என்ற பெரிய பிக்குவின், கோபம் வேறு இடத்தில் இருந்தது.

எங்கள் அப்பப்பா அப்போது கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர், கொட்டாஞ்சேனையில் அறை. செய்தி பரவியதும் கடைகள் படபடவென்று பலகை போட, அறைக்கு ஓடி வந்து கதவைப் பூட்டிக்கொண்டு நாலு பேர் ஒரு ரேடியோவைச் சுற்றி இருந்தார்களாம். 'சாவானா பிழைப்பானா' என்பதல்ல அவர்களுடைய கேள்வி. 'சுட்டவன் தமிழனா' என்பதுதான். பிக்கு என்று தெரிந்ததும் ஒருவர் 'அப்பாடா' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார், பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை என்பார். 58-ஐப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

சரி, அந்தப் பெரிய பிக்கு, புத்தரக்கித்த, யார்? அவருக்கு என்ன கோபம்?

மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர். களனி ரஜமகா விகாரையின் தலைமைப் பிக்கு. களனி சாதாரண விகாரை அல்ல; புத்தர் நேரில் வந்த இடம் என்று சிங்களவர் நம்புகிற தலம், காணிக்கையும் செல்வாக்கும் குவிகிற இடம். அந்தக் கதிரையில் நாற்பதைத் தொடாத வயதில் ஒரு ஆள், கார், டெலிபோன், வியாபாரம், அரசியல் என்று எல்லாவற்றிலும் கை. 1956 தேர்தலில் எக்சத் பிக்கு பெரமுன என்ற பிக்குகள் அமைப்பு ஊர் ஊராகப் போய் வாக்குச் சேர்த்ததில் முன்னணி ஆள் அவர். சுருக்கமாகச் சொன்னால் பண்டாரநாயக்கவைக் கதிரையில் ஏற்றிவிட்டவர்களில் ஒருவர்.

ஏற்றிவிட்டவர் கூலி கேட்டார். அவரும் அவருடைய வியாபாரக் கூட்டாளி எச்.பி. ஜயவர்தனவும் ஒரு கப்பல் கொம்பனி தொடங்கி, அரசு இறக்குமதி செய்யும் அரிசியை ஏற்றிவரும் ஒப்பந்தத்தை எதிர்பார்த்தார்கள். அது கிடைக்கவில்லை. சீனித் தொழிற்சாலை முயற்சி ஒன்றும் சரிவரவில்லை. இதற்கு நடுவில் அவரையும் ஓர் அமைச்சரையும் சேர்த்து அசிங்கமாக எழுதிய மொட்டைத் துண்டுப்பிரசுரங்கள் ஊரெல்லாம் பரவ, பிரதமர் அதைத் தடுக்க ஒன்றும் செய்யவில்லை என்று ஆத்திரம். வழக்கில் அரசுத் தரப்பு காட்டிய நோக்கம் இதுதான்: பணம், மானம், ஏமாற்றம்.

ஒரு கப்பல் ஒப்பந்தத்துக்காகப் பிரதமரைக் கொல்வார்களா? நம்புகிற மாதிரி இல்லையே.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பெரிய ஆள் செத்தால் பெரிய காரணம் வேண்டும் என்று மனது கேட்கும். ஆனால் புத்தரக்கித்தவின் இடத்திலிருந்து பாருங்கள். 1956-ல் கிங்மேக்கர். 1958-ல் பிக்குகள் குந்தியதும் பிரதமர் பணிந்தார், அந்தச் சுவை நாக்கில் இருக்கிறது. 1959-ல் அதே பிரதமர் தொலைபேசிக்குக்கூட ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை என்று ஒரு நிலைமை வந்தால், ஒப்பந்தம் போனது மட்டுமா வலிக்கும்?

1959 மே மாதம் இடதுசாரி அமைச்சர் பிலிப் குணவர்தன விலகிப் போனார். அமைச்சரவைக்குள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த நேரம். பண்டாரநாயக்க எல்லோருக்கும் 'பார்ப்போம்' என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் ஓட்டியவர். அந்தப் 'பார்ப்போம்'தான் அவருக்கு எமனாக வந்தது என்பது என் கணக்கு, நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை.

அந்தப் பெண் அமைச்சர் விஷயம் என்ன? பெயரைக்கூட மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.

விமலா விஜேவர்தன. இலங்கையின் முதல் பெண் அமைச்சரவை அமைச்சர். 1956 முதல் சுகாதார அமைச்சர். சோமாராம படிப்பித்த சுதேச வைத்தியத் துறை அந்த அமைச்சின் கீழ்தான். 1959 நடுவில் அந்த அமைச்சு அவரிடமிருந்து கைமாறியது. மேலே சொன்ன துண்டுப்பிரசுரங்களில் தேரரோடு சேர்த்து எழுதப்பட்டது இவரைத்தான்.

இவருடைய குடும்பத் தொடர்பைப் பார்த்தால் தலை சுற்றும். விஜேவர்தன குடும்பம்தான் களனி விகாரையைப் புதுப்பித்துக் கட்டிய குடும்பம், அந்தக் குடும்பத்து மருமகள் இவர். பின்னாளில் ஜனாதிபதியான ஜே.ஆர். ஜயவர்தனவின் தாயும் விஜேவர்தன. 1952-ல் அதே களனித் தொகுதியில் விமலா ஜே.ஆரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். கொழும்பு மேல்தட்டில் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான் மச்சாள்தான். அதை வைத்து சதி என்று முடிவு கட்டினால் அந்தக் கால அமைச்சரவை முழுவதையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

கொலைக்குப் பிறகு, 1959 நவம்பரில், பதவி போய்க் கைதானார். ஆனால் நீதிவான் விசாரணைக் கட்டத்திலேயே அவருக்கு எதிராகப் போதிய சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டார். மெதுவாகப் பெயர் சொல்ல வேண்டிய தேவை இல்லை. நீதிமன்றம் விடுவித்தவர், அவ்வளவுதான்.

துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

இங்கேதான் கதை உண்மையில் இருட்டுக்குள் போகிறது. .45 வெப்லி ரிவோல்வர், பிக்குகள் கையில் கிடைக்கிற சாமான் அல்ல. அதை ஏற்பாடு செய்ததாக அரசுத் தரப்பு குற்றம் சாட்டியது ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டரை, நியூட்டன் பெரேராவை. ஜூரி அவரைக் குற்றவாளியல்ல என்றது. கொழும்புச் சண்டியர் ஒஸி கொரேயாவின் பெயரும் அந்த நேரத்தில் அடிபட்டது. ஆனால் துப்பாக்கி கொடுத்ததற்காக யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

ஆக, சுட்டவர் யார் என்று நீதிமன்றம் சொன்னது, அனுப்பியவர்கள் யார் என்று சொன்னது, நடுவில் ஆயுதம் கைமாறிய கண்ணி மட்டும் தீர்ப்பில் அறுந்து தொங்குகிறது. 'மறைந்த கை' என்று யாராவது பேசத் தொடங்கினால் நான் இந்த ஓட்டையைத்தான் முதலில் காட்டுவேன். மற்ற ஓட்டைகள் எல்லாம் இதைவிடச் சின்னவை.

பொலிஸ் மூடி மறைத்தது என்கிறார்களே?

ஆட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். பொலிஸ் மா அதிபராக இருந்த ஒஸ்மண்ட் டி சில்வாவைப் பண்டாரநாயக்க 1959-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பொலிஸ் சேவையிலேயே இருந்திராத அபேகோன் என்ற நிர்வாக அதிகாரியை அந்த இடத்தில் வைத்தார். படைக்குள் கசப்பு. நிதி அமைச்சர் ஸ்டான்லி டி சொய்சா. அவருடைய சகோதரர் சிட்னி டி சொய்சா பொலிஸில் பிரதிப் பொலிஸ் மா அதிபர். இன்னொரு சகோதரர் டிக்கி டி சொய்சா இந்தக் கொலை தொடர்பில் கைதானார். அதையடுத்து ஸ்டான்லி பதவி விலகினார். டிக்கி வழக்குக்குப் போகாமலே விடப்பட்டார். சிட்னி பின்னர் 1962 ஜனவரி இராணுவப் புரட்சி முயற்சி வழக்கில் பிரதிவாதிகளில் ஒருவராக வந்தார். அந்த வழக்கின் தண்டனைகளை 1965-ல், அன்று இலங்கைக்கும் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் ரத்துச்செய்தது.

ஒரு வீட்டில் நிதி அமைச்சு, பொலிஸ் தலைமை, சந்தேகநபர், மூன்றும். நாவலில் எழுதினால் 'மிகைப்படுத்தல்' என்று ஆசிரியர் வெட்டிவிடுவார். ஆனால் இது தொடர்பு, சான்று அல்ல. விமலா விஷயத்தில் சொன்னதுதான் இங்கும். கொழும்பு சின்ன ஊர்.

அடுத்து பிரதமரான தகநாயக்கவுக்குத் தெரிந்திருக்குமோ?

லாபம் அடைந்தவனைத் தேடு என்ற நியாயத்தில் கேட்கிறார்கள். கல்வி அமைச்சராக இருந்த டபிள்யூ. தகநாயக்கவுக்குக் கிடைத்த லாபத்தைப் பாருங்கள்: சில மாதப் பிரதமர் பதவி, அவசரகாலச் சட்டம், பத்திரிகைத் தணிக்கை, சொந்த அமைச்சர்களோடு சண்டை, நாடாளுமன்றத்தில் மயிரிழையில் தப்பியது, கடைசியில் 1960 மார்ச் தேர்தலில் காலித் தொகுதியில் தானே தோல்வி. இதற்காக யாரும் சதி செய்யமாட்டார்கள்.

தணிக்கை போட்டதுதான் அவர்மேல் சந்தேகத்தை ஏற்றியது. மறைக்க ஒன்றும் இல்லை என்றால் ஏன் பத்திரிகையின் வாயைக் கட்ட வேண்டும் என்று சனம் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் பயந்துபோன அரசாங்கம் முதலில் செய்கிற வேலையும் அதுதான்.

வழக்கில் எத்தனை பேர், யார் யார் தப்பினார்கள்?

முதலில் ஏழு பேர். விமலா விடுவிக்கப்பட்டார். கொலன்னாவையைச் சேர்ந்த உள்ளூர் அரசியல்வாதி கரோலிஸ் அமரசிங்க மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார். வழக்கின் முதுகெலும்பே அவருடைய சாட்சியம்தான். மிச்சம் ஐந்து பேர் உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர் கொண்ட ஜூரி முன் நின்றார்கள்: புத்தரக்கித்த, ஜயவர்தன, சோமாராம, நியூட்டன் பெரேரா, அனுர டி சில்வா. 1961 பெப்ரவரியில் தொடங்கி மே மாதம் தீர்ப்பு. நியூட்டன் பெரேராவும் அனுர டி சில்வாவும் விடுதலை, மற்ற மூவருக்கும் மரண தண்டனை.

தானும் உடந்தை என்று ஒத்துக்கொண்டு மன்னிப்பு வாங்கிய ஒருவரின் வாயை நம்பலாமா என்று கேட்பீர்கள். அப்போதும் கேட்டார்கள், மேன்முறையீட்டிலும் கேட்டார்கள். சதி வழக்கில் உள்ளே இருந்தவனைத் தவிர வேறு யார் சாட்சி சொல்ல முடியும் என்பதுதான் எல்லா ஊரிலும் இதற்குப் பதில். அது திருப்தியான பதில் இல்லை என்பதும் உண்மை.

மூன்று பேருக்கும் தூக்கு என்று சொல்லிவிட்டு ஏன் சோமாராமவை மட்டும் தூக்கிலிட்டார்கள்? பெரிய பிக்குவைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை, இது சட்டத்தில் விழுந்த ஓட்டை. பண்டாரநாயக்க அரசாங்கமே 1958-ல் மரண தண்டனையை இடைநிறுத்தியிருந்தது. அவர் கொல்லப்பட்டபோது இலங்கையில் கொலைக்குத் தூக்கு கிடையாது, ஆயுள் தண்டனைதான். கொலை நடந்தபின் தகநாயக்க அரசாங்கம் அவசர அவசரமாக மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது, அதுவும் முன்பே நடந்த கொலைக்கும் செல்லும்படி. யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

எழுதிய அவசரத்தில் கொலைக்கு எழுதினார்கள், கொலை செய்யச் சதி செய்ததற்கு முன்தேதியிட்டுப் பொருந்தும்படி எழுதவில்லை. 1962 ஜனவரியில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பிடித்தது. சோமாராம தன் கையால் கொன்றவர், அவருக்குத் தூக்கு உறுதி. புத்தரக்கித்தவும் ஜயவர்தனவும் சதிக்காரர்கள், அவர்களுக்கு ஆயுள். சட்டம் வரைந்தவருடைய ஒரு வரித் தவறு இரண்டு கழுத்தைக் காப்பாற்றியது. சதி என்று பார்ப்பவர்களுக்கு இது ருசிக்காது, என்ன செய்வது.

புத்தரக்கித்த 1967-ல் சிறையிலேயே இறந்தார்.

சோமாராம கடைசியில் வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) மாறினாராமே, கட்டுக்கதைதானே?

உண்மை. 1962 ஜூலை 6-ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்படுவதற்கு முன் காவியைக் களைந்து ஞானஸ்நானம் பெற்றார். கொன்றவனை மன்னிக்கும் மதம் எது என்று தேடினார் என்பார்கள் சிலர். பௌத்தத்தின் பெயரைக் காப்பாற்ற யாரோ மாற்றிவிட்டார்கள் என்பார்கள் வேறு சிலர். பண்டாரநாயக்கவோ கிறிஸ்தவராகப் பிறந்து பௌத்தராகி மறைந்தவர். மரணக் கூண்டில் இருக்கிறவனின் மனதுக்குள் நான் புகுந்து பார்க்கவில்லை, விட்டுவிடுகிறேன்.

சோமாராம தான் சுடவே இல்லை என்று கோர்ட்டில் சொன்னாராமே?

சொன்னார். முதலில் நீதிவான் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாக்குமூலம் கொடுத்தார், விசாரணையில் அதை மறுத்து, அது தானாகச் சொன்னதல்ல என்றார். விறாந்தையில் அத்தனை பேர் முன்னால் நடந்த காரியம், காயத்தோடு அங்கேயே பிடிபட்ட ஆள். 'அப்படியானால் உண்மையில் சுட்டது வேறு ஆள்' என்ற நூலைப் பிடித்துப் போகிறவர்கள் காவலுக்கு நின்ற பொலிஸ்காரரைத் தவிர அந்த வீட்டில் வேறு யார் கையில் துப்பாக்கி இருந்தது என்று காட்ட வேண்டும். இதுவரை யாரும் காட்டவில்லை.

சி.ஐ.ஏ. கை இருந்ததா? தூதுவர் அன்று காலை அங்கே நின்றாராமே.

மேலே குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். பண்டாரநாயக்க திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் இருந்த பிரிட்டிஷ் தளங்களை 1957-ல் திரும்ப எடுத்தவர், பஸ் சேவையையும் கொழும்புத் துறைமுகத்தையும் அரசுடைமையாக்கியவர், சோவியத்தோடும் சீனாவோடும் தூதரக உறவு தொடங்கியவர். இப்படிப்பட்ட தலைவர்கள் உலகத்தில் வேறு இடங்களில் என்ன ஆனார்கள் என்று தெரிந்தவர்களுக்குச் சந்தேகம் எழும்புவது இயல்பு. 1953-ல் ஈரானில் மொசாடெக்கைக் கவிழ்த்ததில் சி.ஐ.ஏ. இருந்தது ஊரறிந்த விஷயம்.

ஆனால் இங்கே? வெளிநாட்டுப் பிரயாணம் போகும் பிரதமரைத் தூதுவர் வந்து பார்ப்பது வழமை. கொலை நடக்கப்போவது தெரிந்தவர் அதே காலையில் அதே வீட்டு விறாந்தையில் வந்து நிற்பாரா? வராமல் இருப்பார். அப்புறம், களனியிலிருந்து ரோஸ்மீட் பிளேஸ் வரை எல்லா நூலும் உள்ளூர்க் கைகளிலேயே முடிகிறது: உள்ளூர்ப் பணம், உள்ளூர்ப் பிக்கு, உள்ளூர்ப் பொலிஸ். வெளிநாட்டைத் தேடுவது எனக்கு என்னவோ உள்ளூர்க்காரரை விட்டுவிடும் வழியாகத்தான் படுகிறது.

ஸ்ரீமாவோ பிரதமரான பிறகு எல்லாவற்றையும் தோண்டியிருக்கலாமே? ஏன் விட்டார்?

விடவில்லை. 1963-ல் கொலையின் அரசியல் பின்னணியை ஆராய ஓர் ஆணைக்குழு போட்டார், அதில் ஐக்கிய அரபுக் குடியரசு (அதாவது எகிப்து), கானா ஆகிய நாடுகளின் நீதிபதிகளும் இருந்தார்கள். உள்ளூர் நீதிபதிகளை மட்டும் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. 1965-ல் அறிக்கை வந்தது. அதை வைத்துப் புதிதாக ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. அதே வருடம் அவருடைய ஆட்சியும் போய்விட்டது.

அரசியல் எதிரிகளை மாட்டுவதற்காகவே ஆணைக்குழு என்று அன்று எதிர்த்தரப்பு சொன்னது. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஆட்சி கையில் இருந்தும் மாட்ட முடியவில்லை என்பதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று நீங்களே பாருங்கள்.

அந்த வீடு இப்போதும் இருக்கிறதா? போய்ப் பார்க்கலாமா?

இருக்கிறது. 'டின்டஜல்' என்று பெயர். இப்போது அது பணக்காரத்தனமான ஒரு சின்ன ஹோட்டல். தங்குவதற்குக் கை கடிக்கும், ஆனால் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். நான் போனது ஒரு பின்னேரம். படியில் செருப்பைத் துடைத்துக்கொண்டு ஏறி விறாந்தையில் நின்று பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட மிகவும் சின்ன இடம். சுடுபவரும் சுடப்படுபவரும் கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம். 58-ல் இருநூறு பிக்குகள் குந்தியிருந்த புல்தரை எது என்று பணியாளரிடம் கேட்டேன். பெடியனுக்கு இருபது வயதுகூட இருக்காது, அது என்ன விஷயம் என்று அவனுக்குத் தெரியவில்லை. சீனி வேணுமா சேர், ஒன்றா இரண்டா என்று கேட்டான்.